பறவைகளுக்கு எண்ணிட்ட பெருமகனார் சாலிம் அலி

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, யாரைப் பற்றி எழுதுவதென்று யான் அதிகம் யோசிக்கவில்லை. புலவர்களைப் பற்றியும் தேசத் தலைவர்களைப் பற்றியும் என்னினும் நன்கு எழுதவல்ல அன்பர்கள் நம் குடியிருப்பிலேயே உள்ளனர். மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதைப் பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் எனக்கு, பறவைகளைப் பற்றியே வாழ்நாளெல்லாம் சிந்தித்த ஒரு மனிதரின் நினைவு வந்தமைக்குக் காரணம் உண்டு.

2023ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நம் மாவட்டத்தின் வடபால் அழூர்ப் பஞ்சாயத்துக்குட்பட்ட பெருங்குழியில் பறவைக் காய்ச்சல் கண்டதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு பண்ணையில் வாத்துகளும் கோழிகளும் மடிந்தன. போபாலில் உள்ள கால்நடை நோய் ஆய்வுக்கூடம் நோயை உறுதி செய்தது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருந்த கோழி, வாத்து, வளர்ப்புப் பறவை அனைத்தும் கொல்லப்பட்டன. பெருங்குழி நம் இருப்புப்பாதையின் மேலுள்ள சிற்றூர். அங்கிருந்து செய்தி பனச்சமூடு வந்து சேர எத்தனை நேரம் பிடிக்கும்? மாலைக்குள் சந்தையில் கோழி வாங்குவாரில்லை. முட்டை விற்று வீட்டுச் செலவை ஈடுகட்டும் தாய்மார் முகம் வாடினர். மறுநாள் குளத்தங்கரை ஆலமரத்தில் இரவு தங்கும் வெள்ளைக் கொக்குகளை வெடி வைத்து ஓட்டவேண்டும், மரத்தையே வெட்டினாலும் தவறில்லை என்று இளைஞர் சிலர் கிளம்பிவிட்டனர். நோயைக் கொண்டுவருபவை பரதேசிப் பறவைகள் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கொக்குகளோ நம்மோடு இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவை! எந்தப் பறவை உள்ளூர், எந்தப் பறவை வெளியூர், எது எப்போது வருகிறது, எது எதைக் கொண்டுவருகிறது என்ற கேள்விகளுக்கு நம் நாட்டில் முறையாக விடைகாண முனைந்தவர் சாலிம் அலி அவர்களே.

அவர் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். மாமனார் அமிருத்தீன் தையப்ஜி அவர்களும் அவருடைய மனைவியாரும் அக்குழந்தைகளைத் தம் இல்லத்திலேயே வளர்த்தனர். மாமா வேட்டைப் பிரியர். சிறுவன் சாலிமுக்கு விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. அதனால் ஒருநாள் ஒரு சிட்டுக்குருவியை வீழ்த்தினான். எடுத்துப் பார்த்தால் அதன் தொண்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு. வீட்டுக் குருவிக்கு இவ்வாறு இராதே என்று மாமாவைக் கேட்டான்; அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிச் சிறுவனை அனுப்பிவிடாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளராயிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறிய மில்லார்டு, அலமாரிகளைத் திறந்து பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். அன்று அந்தக் கட்டடத்துக்குள் அஞ்சி அஞ்சி நுழைந்த பையன் பின்னாளில் அச்சங்கத்துக்கே உயிர்நாடியானார்.

படிப்பில் அவர் சூரரல்லர். 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத் தடுமாறித் தேறினார். கல்லூரியில் கணக்கு அவரை விரட்டியது. படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவில் தவாய் என்னும் இடத்தில் குடும்பத்தார் நடத்திய சுரங்கம், மரம் ஆகிய தொழில்களைப் பார்க்கச் சென்றார். அங்கும் காடே அவரை இழுத்தது. 1917இல் திரும்பி வந்து வணிகமும் விலங்கியலும் சிறிது கற்றார். 1918இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால் அரசாங்க விலங்கியல் துறையில் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. பட்டமில்லாதவர் என்ற வாசகத்தை வேறு பல விண்ணப்பங்களின் மேல் கண்டு பழகிய என்போன்றோருக்கு இந்த இடத்தில் சற்று நின்று வாசிக்கத் தோன்றும்.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் பணி கிடைத்தது. பின்பு விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்று, பெர்லினில் ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேராசிரியரிடம் பறவையியல் பயின்றார். அந்நாட்டைச் சேர்ந்த ஹெலிகோலாந்து என்ற சிறு தீவில்தான் அவர் பறவைக்கு வளையமிடும் வித்தையைக் கைப்படக் கற்றார். கடலைக் கடந்துவரும் பறவைகளைக் காயமின்றிப் பிடித்து, காலில் எண் பொறித்த இலேசான உலோக வளையத்தை மாட்டிப் பறக்கவிடுவார்கள். அந்தப் பறவை வேறெங்கோ பிடிபட்டால் எண் திரும்பிவரும். இம்முறையை 1899இல் ஒழுங்காகத் தொடங்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டென்சன் என்னும் பள்ளி ஆசிரியர். பார்சல் அலுவலகத்தில் இருப்பவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூட்டைக்கு எண்ணும் ஊரும் எழுதிச் சீட்டு ஒட்டுகிறோம். எங்கே இறங்கியதோ அங்கிருந்து எண் வருகிறது. மூட்டை சென்ற வழி தெரிந்துவிடுகிறது. மூட்டைக்குள் என்ன இருந்தது என்பது மட்டும் சீட்டிலிருந்து தெரியாது. இந்த வேறுபாட்டை அன்பர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

1930இல் தாயகம் திரும்பியபோது அருங்காட்சியக வேலை பணமில்லை என்று நீக்கப்பட்டிருந்தது. கடலோரத்துக் கிகிம் கிராமத்துக்கு மனைவியுடன் குடிபெயர்ந்தார். வேலையற்ற அந்த மழைக்காலத்தில் வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் உட்கார்ந்து கவனித்தார். ஆண்குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்துகிறது, பெண்குருவி வந்து கூட்டைச் சோதிக்கிறது, பிடித்தால் குடியேறுகிறது, ஆண் மறுபடி வேறு கூடு கட்டி வேறு பெண்ணை எதிர்நோக்குகிறது. நம் வயல்வரப்புப் பனைமரங்களில் நாம் தினமும் கண்டும் காணாத இந்தக் குடும்ப விவகாரத்தை முதன்முதலில் விளங்க எழுதியவர் அவரே.

அதன்பின் அவர் கண்டுபிடித்த வழி வியப்புக்குரியது. சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க எனக்குச் சம்பளம் வேண்டாம், முகாம் செலவை மட்டும் கொடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஐதராபாத்துக்குப் பின் திருவிதாங்கூரின் முறை வந்தது. 1933 ஜனவரியில் மறையூரில் தொடங்கிய அந்தப் பயணம் மலைகளையும் காடுகளையும் கடந்து தென்கோடி வரை நீண்டது. கொச்சி நாட்டு வன டிராம் பாதையோரத்துக் குரியார்குட்டி, பெரியாற்றங்கரைத் தட்டேக்காடு, தென்மலை, நாஞ்சில் நாட்டின் மேலுள்ள பாலமோர், ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி, திருவனந்தபுரம் ஆகிய இடங்களிலெல்லாம் அவர் கூடாரமடித்துத் தங்கினார். தெஹ்மினா அம்மையார் முகாமை நிர்வகித்தார். அந்நாளில் நமது பக்கம் இருப்புப்பாதை கிடையாது. அது 1979இல் வந்தது. எல்லையும் கிடையாது. பாறசாலையும் களியக்காவிளையும் ஒரே நாட்டின் இரு ஊர்கள். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு சென்னை இராஜ்யத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் ஆயின. நம்மில் சிலர் வீடு ஒருபக்கமும் புரையிடம் மறுபக்கமுமாக நின்றோம். பறவைகளின் கணக்கில் இவ்வெல்லை ஏறவே இல்லை. திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளைப் பற்றிய அவர் நூல் 1953இல் வெளிவந்தது. திருத்திய பதிப்பு 1969இல் கேரளப் பறவைகள் என்னும் பெயரில் வந்தது. தட்டேக்காடு 1983இல் அவர் பெயராலேயே பறவைகள் சரணாலயமாயிற்று.

1939இல் தெஹ்மினா அம்மையார் சிறு அறுவைச் சிகிச்சை ஒன்றைத் தொடர்ந்து காலமானார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1941இல் வெளிவந்தது. பின்னர் அமெரிக்க அறிஞர் ரிப்ளே அவர்களுடன் சேர்ந்து பத்துத் தொகுதிகளாக எழுதிய பறவைக் களஞ்சியம் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. இவற்றைப் பற்றி எழுத வேறு பலர் உண்டு. யான் சொல்ல வந்தது வேறு.

1957இல் மைசூர் இராஜ்யத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் கூட்டம் கூட்டமாக இறந்தன. காட்டுக்கு விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சென்ற மக்களுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது, பலர் மாண்டனர். பூனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து, இது உண்ணி கடிப்பதால் பரவும் கிருமி என்றும், ருஷ்ய நாட்டில் காணும் ஒருவகை மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கிய உறவு என்றும் கண்டார்கள். உடனே எல்லார் கண்ணும் வானத்தை நோக்கியது. ஆண்டுதோறும் சைபீரியாவிலிருந்து குளிருக்குத் தப்பி நம் நாட்டுக்கு வரும் பறவைகள் தம் உடலில் ஒட்டிய உண்ணிகளோடு இக்கிருமியையும் கொண்டுவந்திருக்குமோ? வலசைப் பறவைகளின் வழியை அறிய நெடுநாளாகப் பணமின்றித் தவித்த சாலிம் அலிக்கு, உலக சுகாதார நிறுவனம் இக்கேள்விக்கு விடைகாண உதவ முன்வந்தது பெருவாய்ப்பாயிற்று. நோயின் பெயரால் பறவைகளுக்குப் பணம் கிடைத்தது என்று சொன்னாலும் பொருந்தும்.

அறுபதாம் ஆண்டுகளில் பரத்பூர் ஏரியிலும் கட்சுப் பகுதியிலும் நமது கோடியக்கரையிலும் இன்னும் பல இடங்களிலும் சங்கத்தாரின் முகாம்கள் நடந்தன. பீகாரிலிருந்து மீர்ஷிகார் எனப்படும் பரம்பரைப் பறவைபிடிப்போர் வரவழைக்கப்பட்டனர். தந்தையும் பாட்டனும் சந்தைக்காகப் பறவை பிடித்தவர்கள். அவர்கள் இப்போது அதே கைத்திறத்தால் ஓரிறகும் உதிராமல் பிடித்துக் கொடுத்தார்கள். வலைகளில் சிக்கிய பறவைக்கு எண் வளையம் மாட்டுவர்; எடை பார்ப்பர்; உடலிலுள்ள உண்ணிகளைப் பொறுக்கிச் சிமிழிலிடுவர்; துளி இரத்தம் எடுப்பர்; பறக்கவிடுவர். அறுபதுக்கு மேற்பட்ட வயதில் சாலிம் அலி விடியுமுன் எழுந்து இவ்வேலையை மேற்பார்த்தார். இவ்வாறு வளையமிடப்பட்ட பறவைகள் ஓர் இலட்சத்தையும் கடந்தன. சில ஆண்டுகளில் வளையங்கள் திரும்பத் தொடங்கின. பரத்பூரில் எண் பெற்ற வாத்துகள் சைபீரியாவில் வேட்டைக்காரர் கையில் அகப்பட்டன. இமயத்துக்கு அப்பாலிருந்து நம் ஏரிக்கு உண்மையாகவே ஒரு பாதை உண்டு என்பது எழுத்தில் நிரூபணமாயிற்று.

ஆனால் கியாசனூர்க் கிருமியைப் பறவைகளே கொண்டுவந்தன என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை. காட்டிலுள்ள உண்ணிகளிடையிலும் சிறு விலங்குகளிடையிலும் அது வாழ்ந்து வந்ததென்றும், மனிதன் காட்டை வெட்டி உட்புகுந்தபோது அவனைத் தொற்றியதென்றும் கருத இடமேற்பட்டது. பறவையைக் குற்றவாளி என்று எழுதிக் கொடுத்திருந்தால் பணம் இன்னும் தாராளமாக வந்திருக்கும். அவ்வாறு எழுத அவர் பேனா துணியவில்லை.

இவ்வாராய்ச்சி அவருக்குத் தலைவலியையும் தந்தது. அமெரிக்க இராணுவத்தின் ஆராய்ச்சித்துறை ஆசிய நாடுகளில் நடத்திவந்த வலசைப் பறவை நோயாய்வின் உதவியைச் சங்கம் பெற்றிருந்தது. பறவைகளைக் கொண்டு எதிரி நாட்டில் நோய் பரப்ப வேவு பார்க்கிறார்கள் என்று எழுபதாம் ஆண்டுகளில் பத்திரிகைகளில் பெரும் ஐயம் கிளம்பியது. நாடாளுமன்றக் குழுவும் இதனை ஆராய்ந்தது. இராணுவத்தின் பணம் என்றால் மக்கள் ஐயுறுவது இயல்பே என்பது என் எண்ணம். எனினும் ஆய்வின் முடிவுகள் எல்லாரும் காண வெளியிடப்படுவன என்பது அவர் தரப்பின் விடை.

அவர் விட்ட இடத்திலிருந்து நம் காலத்துக் கதை தொடங்குகிறது. பறவைக் காய்ச்சல் கிருமியின் பழைய வீடு காட்டு வாத்து, கடற்காகம் முதலிய நீர்ப்பறவைகளின் குடல். அங்கு அது பெரும்பாலும் தீங்கின்றி வாழும். எச்சத்தோடு நீரில் கலக்கும். குளிர்ந்த நீரில் பல நாள் உயிரோடிருக்கும். அந்நீரைக் குடிக்கும் வேறு பறவை அதைப் பெறும். ஆயிரக்கணக்கில் கோழிகளை நெருக்கி அடைத்த கொட்டகைக்குள் அது நுழைந்துவிட்டால் அங்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிக் கொடிய உருவெடுக்கும். எச்-5 என்-1 என்ற கொடிய வகை 1996இல் சீனத்தின் குவாங்தோங் மாகாணத்தில் பண்ணை வாத்து ஒன்றில் முதலில் காணப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. 2005இல் சீனத்தின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் மடிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். இமயத்தைத் தாண்டிப் பறந்து திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை வரும் அதே இனம்! பண்ணையிலிருந்து காட்டுப் பறவைக்குச் சென்ற நோய், இறக்கை பெற்றுவிட்டது. 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் இமாசலத்தின் போங் அணையில் இவ்வினமே ஆயிரக்கணக்கில் விழுந்தது.

நம் நாட்டில் இந்நோய் முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர்க் கோழிப்பண்ணைகளில் காணப்பட்டது. கேரளத்தில் 2014 நவம்பரில் குட்டநாட்டு வாத்துகளைத் தாக்கியது. அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லுக்காக வாத்துக் கூட்டங்களை ஓட்டிச் செல்வது அங்குள்ள தொழில். அதே நீரில், அதே பருவத்தில், வடதிசையிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகளும் பிற சிறு வாத்துகளும் இறங்குகின்றன. கிருமி கைமாறுவதற்கு இதைவிடத் தோதான இடம் வேறென்ன வேண்டும்? ஆனால் 2024இல் அதே குட்டநாட்டின் எடத்துவாவிலும் செறுதனையிலும் நோய் தோன்றியது ஏப்ரலில். விருந்துப் பறவைகள் பெரும்பாலும் ஊர் திரும்பிவிட்ட காலம் அது. அதன்பின் ஜூனில் ஆலப்புழைப் பக்கத்தில் காகங்கள் இறந்தன. காகம் சைபீரியாவிலிருந்து வந்ததா? நோயுற்ற வாத்தை விற்ற கையும், கழுவாத கூண்டும், முட்டை அட்டையும், பண்ணையிலிருந்து பண்ணைக்கு ஓடும் லாரியின் சக்கரமும் இறக்கையில்லாமலே இந்நோயைக் கொண்டுசெல்லும். களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் கோழி லாரிகளை நிறுத்தி மருந்து தெளிப்பது இதனாலேதான்.

ஆலமர விவகாரத்துக்கு வருகிறேன். கால்நடை மருத்துவரை அழைத்து வந்து இளைஞர்கள் முன் பேசச் செய்தோம். கொக்கை ஓட்டினால் அது மறுகுளத்தில் போய் அமரும், நோய் இருந்தால் அதுவும் கூடச் செல்லும் என்றார். செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளை எடுக்க விடாதீர்கள், உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், கோழிக்குக் குளத்துநீர் வைக்காதீர்கள், கூட்டின் மேல் வலை போடுங்கள், முட்டையையும் இறைச்சியையும் நன்கு வேகவைத்து உண்ணுங்கள் என்றார். செத்த பறவையின் காலில் வளையம் கண்டால் எண்ணைக் குறித்துத் தெரிவிக்கவும் கேட்டுக்கொண்டார். சாலிம் அலியின் பெயரை அவர் சொல்லவில்லை, யான் சொன்னேன். இளைஞரில் ஒருவருக்கு அப்பெயர் கோயம்புத்தூர் ஆனைகட்டியிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தின் பெயராகத் தெரிந்திருந்தது. அந்நிலையம் 1990இல் அவர் நினைவாக ஏற்பட்டது.

அரசாங்கம் 1958இல் பத்ம பூஷணும் 1976இல் பத்ம விபூஷணும் அளித்தது. சர்வதேசப் பரிசொன்றாகக் கிடைத்த பெருந்தொகையைச் சங்கத்தின் பறவைப் பணிக்கே கொடுத்துவிட்டார். 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தன் வரலாற்றை எழுதி அதற்கு அந்தச் சிட்டுக்குருவியின் வீழ்ச்சியையே பெயராக இட்டார். 1987 ஜூன் 20ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் பம்பாயில் காலமானார்.

எங்கள் வீட்டில் ஐந்து கோழிகள் உள்ளன. கூட்டின்மேல் வலை போட்டாயிற்று. மனையாள் தினமும் கிணற்றுநீரே வைக்கிறாள். ஆலமரம் நிற்கிறது. கொக்குகள் அந்தி சாயும்போது ஆறு மணிப் பாசஞ்சர் பாறசாலையில் நிற்கும் வேளைக்கு வந்து அமர்கின்றன. சென்ற ஐப்பசியில் குளத்துப் படிக்கட்டில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிய ஒரு சிறு பறவையைக் கண்டு, அது வடநாட்டிலிருந்து வந்த வாலாட்டிக் குருவி என்று என் கடைக்குட்டி எனக்கு விளக்கினாள். காலில் வளையம் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தோம். இல்லை.